பெற்றோல் காரில் புகை கூடினால்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 இல். இடைப்பட்ட காலம் முழுக்க இருக்கிற காரையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. வன்னி வீதிகளில் இன்றும் பழைய நிசான் சனியும் கொரோலாவும் மாருதி 800உம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வயதுபோன எஞ்சின் புகைப்பது புதினமில்லை. ஆனால் புகையைக் கண்ட உடனேயே "றிங் போட்டுது, எஞ்சின் இறக்கவேணும்" என்று முடிவெடுக்கிற வேகம்தான் பலருடைய காசைக் கரைக்கிறது. (றிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கிற உலோக வளையம்.) கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கங்களில் கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. பெற்றோல் கார்களுக்கு மட்டும். டீசலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

நிறத்தைப் பார்த்தே என்ன பிழை என்று சொல்லலாமோ?

பாதிதான் சொல்லலாம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது, விடாத வெள்ளை என்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) உள்ளே போகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். சிக்கல் என்னவென்றால், வீதியில் வருகிற புகை இப்படி வடிவாகப் பிரிந்து வராது. மெல்லிய நீலம் பின்னேர வெயிலில் வெள்ளையாகத் தெரியும். ஒயிலும் பெற்றோலும் சேர்ந்து எரிந்தால் சாம்பல் நிறம் வரும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் "கறுப்பாத்தான் வந்தது" என்று சத்தியம் செய்வார்.

அதனால் நிறத்தோடு இன்னும் மூன்றைப் பார்க்கவேண்டும். புகை எப்போது வருகிறது? ஸ்டார்ட் செய்யும்போதா, அக்ஸிலேற்றர் மிதிக்கும்போதா, காலை எடுத்தபிறகா, எந்த நேரமுமா? என்ன மணம்? காரில் எந்தத் திரவம் குறைகிறது? இந்த மூன்றாவதுதான் மிகப் பெறுமதியானது, செலவும் இல்லை. ஒரு கிழமைக்குக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, மட்டமான நிலத்தில் காரை விட்டு, ஒயில் பார்க்கிற கம்பியையும் கூலன்ட் போத்தலின் கோட்டையும் பாருங்கள். கொப்பியில் எழுதி வையுங்கள். கராஜுக்குப் போய் "புகைக்குது" என்று சொல்வதற்கும், "ஒயில் இவ்வளவு குறைஞ்சிருக்கு, கூலன்ட் அப்படியே இருக்கு" என்று சொல்வதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் வரும்.

மார்கழிக் காலையில ஸ்டார்ட் பண்ணினா வெள்ளையா வருது, சைலன்சரால தண்ணியும் சொட்டுது. பயப்பட வேணுமோ?

வேண்டாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. எரிபொருளில் உள்ள ஐதரசன் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்கிற இயல்பான வேலை அது. பனி பெய்கிற காலையில் சைலன்சர் குளிர்ந்திருக்கும், ஆவி அதில் பட்டுத் தண்ணீராகும், கொஞ்சம் வெள்ளையாக வெளியே வரும். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். மெல்லியதாக, மணமில்லாமல், சைலன்சர் வாயிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கரைந்து போனால் அது ஆவிதான்.

சித்திரை வெயிலில், மத்தியானம், சூடான எஞ்சினிலும் அதே மாதிரி வந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கேல்ல. ஹெட் காஸ்கெட்தானோ?

பெரும்பாலும் அதுதான். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடுகிற பகுதி; அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில் வைக்கிற தகடுதான் காஸ்கெட். ஆனால் கழற்றுவதற்கு முன் உறுதிப்படுத்தவேண்டும், அதற்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கூலன்ட் குறைகிறதா? வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமல் போத்தல் இறங்கிக்கொண்டே போனால், அது எங்கோ உள்ளே போகிறது. இரண்டாவது, மணம். கூலன்ட் எரிந்தால் ஒருவித இனிப்பு மணம் வரும். ஆனால் வெறும் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓட்டுகிற காரில் அந்த மணம் வராது. மூன்றாவது, ஒயில் மூடியின் அடிப்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் பசைபோல இருக்கிறதா? கம்பியில் வருகிற ஒயிலும் அப்படியென்றால் தண்ணீர் ஒயிலோடு கலந்துவிட்டது. மூடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடுகிற காரில் ஈரப்பதன் அப்படிப் படியும்.

அடுத்தது றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்க்கிற சோதனை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போதுதான் திறக்கவேண்டும். சூடான மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்வது இன்னும் நடக்கிற விபத்து. மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் அது குழாயில் அடைபட்ட காற்று. நிற்காமல், ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆறிய காரை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள், எஞ்சின் சூடாகவே முன், மேல் றேடியேற்றர் குழாய் கல்லுப்போல இறுகினாலும் அதே அர்த்தம்தான். கருவி வைத்திருக்கிற கராஜ்களில் நீல நிறத் திரவம் ஒன்றை றேடியேற்றர் வாயில் பிடித்துப் பார்ப்பார்கள். எரிவாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை மண்ணிறமாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் போவது அந்தச் சிலிண்டருக்குத்தான்.

காஸ்கெட் போனது உறுதி என்றால் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஏன் போனது? காஸ்கெட் சும்மா போவதில்லை. எஞ்சின் எப்போதோ கொதித்திருக்கும். வன்னியில் இதற்குப் பெரிய காரணம் தண்ணீர். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மையானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. இங்கே உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் துருவையும் படிவையும் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. எங்கள் வெயிலுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்.

வேலை செய்யும்போது ஹெட்டை மட்டக்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. வளைந்திருந்தால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ லேத்துக்கு அனுப்பி மட்டப்படுத்தவேண்டும். அதைச் செய்யாமல் புதுக் காஸ்கெட்டை மட்டும் வைத்து இறுக்கிவிட்டால் கொஞ்ச மாதத்தில் திரும்பவும் அதே வெள்ளைப் புகைதான்.

அதோட வவுனியா மட்டும் ஓட்டிப் போகலாமோ?

கூடாது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. கூலன்ட் இழந்துகொண்டிருக்கும் எஞ்சினை அவ்வளவு தூரம் ஓட்டினால் காஸ்கெட்டோடு முடியவேண்டிய வேலை ஹெட் வெடிப்பில் போய் நிற்கும். லொறியில் ஏற்றுங்கள்.

வெள்ளத்துக்குள்ளால வந்த பிறகு புகைக்குது.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாரி வந்தால் வாய்க்காலைத் தாண்டாமல் போகமுடியாத வீதிகள் எங்களிடம் இப்போதும் நிறைய. சைலன்சருக்குள் மட்டும் தண்ணீர் போயிருந்தால் கொஞ்ச நேரம் ஆவியாக வந்து நின்றுவிடும். பயமில்லை.

ஆனால் தண்ணீருக்குள் கார் தானாக நின்றுபோயிருந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதேயுங்கள். எயார் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டனைத் தாங்குகிற தண்டு வளையும். தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து, எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஒயிலையும் மாற்றிய பிறகுதான் சாவி.

நீலப் புகை. எல்லாரும் றிங் என்கிறாங்கள். உண்மையோ?

றிங்காக இருக்கலாம். வால்வு சீலாக இருக்கலாம். சில நூறு ரூபாயோடு முடிகிற விசயமாகவும் இருக்கலாம். மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

ஒயில் கூடுதலாக விட்டிருக்கிறார்களா? சேர்விஸ் செய்து வந்த உடன் புகைத்தால் முதலில் கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒயிலைக் கொஞ்சம் இறக்கினாலே சரி.

அடுத்தது பிசிவி வால்வு. எஞ்சினுக்குள் சேருகிற வாயுவை உறிஞ்சி மீண்டும் எரிக்க அனுப்புகிற சின்னச் சாமான் இது. வழக்கமாக டப்பட் மூடியில் (எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கிற தகடு) ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும். கழற்றி காதுக்குக் கிட்டக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வரவேண்டும். சத்தமில்லாவிட்டால் கரி பிடித்து ஒட்டிக்கொண்டது. மூடியபடி ஒட்டினால் எஞ்சினுக்குள் அமுக்கம் ஏறி ஒயிலைத் தள்ளும். திறந்தபடி ஒட்டினால் ஒயிலை நேரே உறிஞ்சும். இரண்டிலும் நீலப் புகைதான். எஞ்சின் இறக்கவேண்டும் என்று விலை பேசிய கார்கள் இந்தச் சாமானை மாற்றியதோடு புகை நின்று வந்திருக்கின்றன. எந்த மெக்கானிக்கிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "பிசிவி பாத்தீங்களோ அண்ணை?" என்பதுதான்.

இந்த இரண்டும் சரி என்றால்தான் வால்வு சீலா றிங்கா என்ற வழக்கு. இங்கேதான் புகை எப்போது வருகிறது என்பது பேசும்.

யாழ்ப்பாணம் போகிற வழியில் முறிகண்டியில் நிறுத்துகிறீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை வாங்கி, கொஞ்ச நேரத்தில் வந்து ஸ்டார்ட் செய்கிறீர்கள். பின்னால் ஒரு நீலக் குமுறல் வந்து உடனே தெளிந்துவிடுகிறது, பிறகு ஓடும்போது ஒன்றுமில்லை. அது வால்வு சீல். கார் நின்ற நேரத்தில் மேலேயிருந்த ஒயில் இறுகிப்போன ரப்பர் சீலைத் தாண்டி வால்வுத் தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் அதே மாதிரி வரும்.

மலைநாட்டில் இறக்கத்தில் கியரில் விட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்கு மலை இல்லை. ஏ9 இல் வெறுமையான ஒரு துண்டில் மூன்றாம் கியரில் அறுபது போய், அக்ஸிலேற்றரிலிருந்து காலை முழுதாக எடுத்து, வேகம் முப்பதுக்கு விழவிட்டு, திரும்ப மிதியுங்கள். காலை எடுத்திருக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடும், தேய்ந்த சீல் வழியாக ஒயிலை இழுக்கும். மிதித்த அந்தக் கணத்தில் மட்டும் நீலம் வந்தால் அதுவும் வால்வுப் பக்கம்தான். அதற்கு மாறாக, மிதித்துப் பிடிக்கும்போது, ஆள் நிறைய ஏற்றியிருக்கும்போது, வேகம் ஏற ஏற நீலம் கூடிக்கொண்டே போனால் றிங். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ்புஸ் என்று புகை தள்ளுவதும் றிங்குக்கே சாட்சி. பின்னால் பார்க்க ஒருவரை இருத்துங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

வால்வு சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றில்லை. பிளக் ஓட்டையால் நைலோன் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவந்து கயிற்றால் வால்வை விழாமல் தாங்கி, மேலாலேயே சீல் மாற்றுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கம்பிரசர் காற்றை விட்டும் செய்யலாம். சீல் மட்டும்தான் பிழை என்றால் இந்த வேலை தெரிந்தவரைத் தேடுவது நல்லது.

றிங்தான் என்று உறுதிப்படுத்த வேற வழி இல்லையோ?

கம்பிரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க, எல்லாப் பிளக்கையும் கழற்றி, அக்ஸிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்கவேண்டும். பெற்றோல் எஞ்சின்களில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எத்தனை காட்டுகிறது என்பதை விட, சிலிண்டர்களுக்கிடையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால், அந்த ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ஒயில் றிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, ஆகவே றிங். ஏறாவிட்டால் வால்வோ காஸ்கெட்டோ.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒயில் துடைக்கிற அடி றிங் மட்டும் கரி பிடித்து ஒட்டியிருந்தால் கம்பிரஷன் நன்றாகவே காட்டும், ஆனால் ஒயில் குடிக்கும். கம்பிரஷன் நல்லது என்பதால் றிங் நல்லது என்று ஆகாது.

எவ்வளவு ஒயில் குறைஞ்சா பிரச்சினை?

டொயோட்டாவின் கையேடுகளிலேயே ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை என்று எழுதியிருக்கும். அது கொம்பனி தன்னைக் காப்பாற்ற எழுதிய எல்லை என்பது என் எண்ணம். ஆயிரத்துக்கு அரை லீற்றர் குறைந்தால் காரணம் தேடத் தொடங்குங்கள். பெரும்பாலான கார்களில் கம்பியின் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லீற்றர்.

தடிப்பான ஒயில் விட்டா நிக்குமோ? புகை நிறுத்துற ரின் மருந்து விக்கிறாங்களே?

20டபிள்யூ50 என்ற தடிப்பான ஒயிலை விட்டால் பழைய சனியிலோ மாருதியிலோ புகை குறைந்தது போல இருக்கும். எஞ்சின் இறக்கக் காசு சேரும்வரை ஓட்ட அது பரவாயில்லை. வேகன் ஆர், விட்ஸ், அக்குவா மாதிரி 0டபிள்யூ20 என்ற மெல்லிய ஒயில் கேட்கிற எஞ்சின்களில் அதைச் செய்யாதேயுங்கள். ஒடுக்கமான ஒயில் பாதைகளில் தடித்த ஒயில் நேரத்துக்குப் போய்ச் சேராது.

ரின் மருந்துகளும் ஒயிலைத் தடிப்பாக்குகிற சரக்குத்தான். கார் விற்கப்போகிறவர்தான் அதிகம் வாங்குவார்.

எங்கட றோட்டுத் தூசிக்கும் புகைக்கும் தொடர்பு இருக்கோ?

நேரடித் தொடர்பு. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஒரு லொறிக்குப் பின்னால் போனவருக்கு விளங்கும். தூசி பில்டரை அடைப்பது சின்னப் பிரச்சினை. பில்டரைத் தாண்டி உள்ளே போவதுதான் பெரிய பிரச்சினை. மணல்தூள் சிலிண்டர் சுவரையும் றிங்கையும் அராவுகிறது, நீலப் புகைக்கு அத்திவாரம் அங்கேதான் விழுகிறது.

பில்டரை எடுத்து ரயருக்குக் காத்தடிக்கிற குழாயால் நேரே ஊதுவது இங்கே வழக்கம். அமுக்கம் கூடினால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பிறகு அது பில்டர் இல்லை. ஊதத்தான் வேண்டுமென்றால் உள்ளேயிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து, மெதுவாக. பில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருக்கிற கார்களும் ஓடுகின்றன. பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக வந்தால் தூசி உள்ளே போகிறது.

கறுப்புப் புகை, பெற்றோலும் கூடக் குடிக்குது. பழைய காபரேற்றர் கார்.

சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கிற தகடு) முழுதாகத் திறக்கிறதா, எயார் பில்டர் அடைத்திருக்கிறதா, மிதவை ஊசி (காபரேற்றருக்குள் பெற்றோல் வரவை அடைக்கிற ஊசி) ஒழுங்காக மூடுகிறதா என்ற வரிசையில் பாருங்கள். மிதவை ஊசி தேய்ந்தால் எஞ்சின் நின்ற பிறகும் பெற்றோல் மணக்கும். பிளக் உலர்ந்த கரிபோலக் கறுத்திருக்கும். ஈரமாக, எண்ணெய் பூசினதுபோலக் கறுத்திருந்தால் அது ஒயில், வேறு வழக்கு.

எனக்கு இன்ஜெக்ஷன் கார். கம்பியூட்டர் எல்லாம் பாக்குமே, பிறகேன் கறுப்பு?

கம்பியூட்டருக்குப் பிழையான செய்தி போனால் அது பிழையாகத்தான் பெற்றோல் விடும். பில்டர் கொஞ்சம் அடைத்ததை அது ஈடுசெய்துவிடும். சென்சர் பொய் சொன்னால் அதனால் ஒன்றும் செய்யமுடியாது.

எங்கள் பகுதியில் திரும்பத் திரும்பக் காண்கிற காரணம் ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகிறது என்று கராஜுக்குப் போனால் தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை றேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு) கழற்றி எறிந்துவிட்டு "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்பார்கள். தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஏ9 இல் காற்று முகத்தில் அடிக்க ஓடும்போது எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்பியூட்டர் எண்ணி, குளிர் எஞ்சினுக்குரிய கூடுதல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். கறுப்புப் புகை, கூடிய செலவு, ஒயிலில் பெற்றோல் கலப்பு, கொஞ்சக் காலத்தில் றிங் தேய்வு. சூடாவதற்கான உண்மைக் காரணம் அடைத்த றேடியேற்றராகவோ ஓடாத விசிறியாகவோ இருந்திருக்கும். தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

சூட்டைச் சொல்கிற சென்சரே பழுதானாலும் இதே கதைதான். பிறகு ஒட்சிசன் சென்சர், காற்றை அளக்கிற சென்சர், ஒழுகுகிற இன்ஜெக்டர். பழைய மொடல்களில் பெற்றோல் அமுக்கத்தைச் சீராக்குகிற சாமானுக்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் அதை மாற்றவேண்டும்.

ஸ்கானர் போடும்போது பிழை இலக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அழிக்க விடாதேயுங்கள். பி0172 என்றால் கலவையில் பெற்றோல் கூடியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எந்தச் சாமான் பிழை என்று அது சொல்லாது. எஞ்சின் ஓடும்போது சூடு எத்தனை பாகை காட்டுகிறது, எரிபொருள் திருத்தம் (கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) எத்தனை வீதம் காட்டுகிறது என்று கேளுங்கள். ஓடிச் சூடான எஞ்சின் அறுபதைத் தாண்டாவிட்டால் காரணம் அங்கேயே கிடக்கிறது. நீண்டகாலத் திருத்தம் கழித்தல் பத்துக்குக் கீழே போயிருந்தால் கம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்கப் போராடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் போகிறது. எரியாத பெற்றோல் கொன்வேற்றருக்குள் (சைலன்சர் வழியில் நச்சு வாயுவைக் குறைக்கிற பெட்டி) போய் எரிந்து அதைச் செங்கனலாக்கும். காய்ந்த புல்லின்மேல் நிறுத்தாதேயுங்கள்.

கடையில போத்தல் பெற்றோல் அடிச்ச பிறகு புகைக்குது. மண்ணெண்ணெய் கலந்திருக்குமோ?

கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது, அதனால் வெள்ளையும் சாம்பலுமாகக் கண்ணெரிகிற புகை வரும், விளக்கு அணைத்த மணம் இருக்கும், மிதித்தால் எஞ்சின் கிணுகிணுக்கும். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் விரைவாகக் காய்ந்து போகும். மண்ணெண்ணெய் கலந்தது எண்ணெய்க் கறையாக நிற்கும்.

"தடைக் காலத்தில மண்ணெண்ணெயிலதானே எல்லாம் ஓடினது" என்று அப்பாமார் சொல்வார்கள். உண்மைதான். 1990களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்து, சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் புகை மண்டலம். ஆனால் அவை அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள், காபரேற்றர் வைத்தவை, கொன்வேற்றர் இல்லாதவை. இன்றைய எஞ்சினுக்கு அந்த வைத்தியம் சரிவராது.

ராங்கியில் கொஞ்சம்தான் கலந்திருக்கிறது என்றால் நல்ல 92 ஒக்டேன் பெற்றோலால் நிரப்பி மெதுவாக ஓடித் தீர்க்கலாம். எஞ்சின் கிணுகிணுத்தால் ராங்கியிலுள்ள பெற்றோலை இறக்கிவிடுங்கள்.

கனடாவில இருக்கிற அண்ணையின்ர கார். வருசக் கணக்கா நிண்டது, இப்ப ஸ்டார்ட் பண்ணினா ஒரே நீலம்.

நின்ற காரில் றிங்குகள் ஒட்டிக்கொள்ளும், வால்வு சீல் காய்ந்து வெடிக்கும். உடனே எஞ்சினைப் பிரிக்கவேண்டாம். பழைய பெற்றோலையும் ஒயிலையும் இறக்கிப் புதிது விட்டு, சில நூறு கிலோமீற்றர் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய றிங் பல தடவை தானே விடுபடும். இரண்டாவது ஒயில் மாற்றத்தையும் வழமையை விட முந்திச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் குறையாவிட்டால் மேலே சொன்ன சோதனைகள். கூடு கட்டின எலி எயார் பில்டரைக் கடித்து வைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போறன். புகை விசயத்தில எப்பிடி ஏமாறாமல் பாக்கிறது?

விற்பவருக்கு நேரம் சொல்லாமல் போக முடிந்தால் போங்கள். போனதும் பேச்சைத் தொடங்க முன் பொனெற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து காலைப் புகையை ஊதித் தள்ளிவிட்டார். ஆறவிட்டுத் திரும்ப வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உலர்ந்த கரி பரவாயில்லை, பிசுபிசுக்கிற கரி ஒயில். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், கம்பியைப் பாருங்கள். ஒயில் நேற்று விட்டதுபோலத் தேன் நிறத்தில், தேனைப்போலவே தடிப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு மூன்றாம் கியர்ச் சோதனை, பின்னால் உங்கள் ஆளை வைத்து.

கூலன்ட் குறையேல்ல, ஒயில் குறையேல்ல, ஆனாலும் வெள்ளைப் புகை.

பிறேக் ஒயிலைப் பாருங்கள். பிறேக் பூஸ்டருக்குள் (எஞ்சினின் வெற்றிடத்தால் பிறேக்கை மிதிக்க இலகுவாக்குகிற சாமான்) ஒயில் ஒழுகி, வெற்றிடக் குழாய் வழியாக எஞ்சின் அதை உறிஞ்சுவது அபூர்வமாக நடக்கும். வெளியே சொட்டு ஒழுக்கும் தெரியாது, பிறேக் ஒயில் போத்தல் மட்டும் இறங்கும். இது புகைப் பிரச்சினை இல்லை, பிறேக் பிரச்சினை. அன்றைக்கே திருத்தவேண்டும்.

புகைப் பரிசோதனையில பெயில் ஆகிட்டுது. வரிப்பத்திரம் எடுக்கவேணும். என்ன செய்ய?

கையில் தருகிற தாளைப் படியுங்கள், அதுதான் இலவச நோய் அறிக்கை. பெற்றோல் காருக்கு ஐட்லிலும் (அக்ஸிலேற்றர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளப்பார்கள். புகையின் அடர்த்தியை அளப்பது டீசலுக்கு. அதனால் லேசான நீலப் புகை விடுகிற கார் தேறிவிடுவதும், புகையே தெரியாத கார் பெயிலாவதும் நடக்கும்.

காபனோரொட்சைட்டு கூட என்றால் பெற்றோல் மிஞ்சிப் போகிறது: பில்டர், சென்சர், தேர்மோஸ்டாட், காபரேற்றர். ஐதரோகாபன் மட்டும் கூட என்றால் ஏதோ எரியாமல் வருகிறது: பிளக், கொயில், வால்வு, அல்லது ஒயில். இரண்டும் கூட, காரிலோ பிழை ஒன்றும் காணவில்லை என்றால் கொன்வேற்றரைச் சந்தேகியுங்கள். உள்ளேயிருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காக அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாய் வைத்த கார்கள் கைமாறுகின்றன. காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் புது வெல்டிங் தெரியும்.

திரும்பச் சோதனைக்குப் போகும்போது பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, எஞ்சினையும் கொன்வேற்றரையும் நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்து ஆறவிட்டால் அந்தச் சூடு வீண். புது ஒயில் மாற்றி அடுத்த கிழமைக்குள் போவது இன்னும் நல்லது. பெற்றோல் கலந்த பழைய ஒயிலின் ஆவியே ஐதரோகாபன் கணக்கைக் கூட்டிவிடும்.